வலது தோளுக்கு வாரம் இருமுறை

சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், விசாலாக்ஷி சமையலறை அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். காப்பிப்பொடி டப்பா அங்கே இருந்தது. அவளுடைய வலது கை தோளுயரம் வரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இடது கையை நீட்டினால் விரல்நுனி பட்டு டப்பா இன்னும் உள்ளே போனது.

கடைசியில் தோசைத் திருப்பியால் இழுத்தாள். டப்பா விழுந்து, மூடி தெறித்து, தரையெல்லாம் பொடி. அதைக் கூட்டி அள்ளுவதற்குள் ஹால் சுவரில் இருந்த கேமரா பேசியது.

"அம்மா, என்ன சத்தம்? விழுந்துட்டியா?"

சியாட்டிலிலிருந்து மகன் சுஹாஸ். வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் அவனுடைய போன் மணியடிக்கும். அப்படி ஏற்பாடு.

"நான் விழலைடா. டப்பாதான் விழுந்தது."

"கை இன்னும் தூக்க முடியலையா?"

"தூக்கறேனே."

"எங்க, கேமரா முன்னாடி வந்து தூக்கிக் காட்டு."

எழுபதை நெருங்கிய விசாலாக்ஷி, கைகளில் காப்பிப்பொடியோடு, டிரில் வகுப்புப் பெண் மாதிரி கேமராவுக்கு முன் நின்று கையைத் தூக்கினாள். தோளுயரம். சுவரிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"இதோ பாரும்மா. அப்பா போய் வருஷம் முடியறப்போ, வருஷாப்தீகத்துக்கு நான் வரேன். அதுக்குள்ள கை சரியாகணும். தலை வாரிக்க முடியல, கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட முடியல. இப்படியே இருந்தா உன்னைத் தனியா விட்டுட்டு எனக்கு இங்க தூக்கம் வராது. பெருங்குடில அந்த சீனியர் ஹோம் பார்த்து வெச்சிருக்கேன், ஞாபகம் இருக்கோல்லியோ."

ஞாபகம் இருந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்கும் தூக்கம் வருவதில்லை. ஓஎம்ஆரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். பால்கனியில் நின்றால் குப்பைமேட்டுப் புகை. இட்லிக்கு மணியடிப்பார்களாம்.

விசாலாக்ஷி தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிரங்க் கால் காலத்தில் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்தவள். டெல்லிக்கு லைன் கிடைக்காமல் கத்துகிறவர்களை இரண்டு வார்த்தையில் ஆற்றி உட்கார வைப்பாள். அவளுடைய குரலை நம்பி ஜனங்கள் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் குரல் பெற்ற பிள்ளையிடம் செல்லவில்லை என்பதை அவள் இந்தச் சில மாதங்களில்தான் தெரிந்துகொண்டாள்.

கணவர் ராஜகோபாலன் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். பக்கவாதம் வந்து பல மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைப் புரட்டிப் போட்டதிலும் தூக்கி உட்கார்த்தியதிலும்தான் இந்தத் தோள் போனது. பகலில் பார்த்துக்கொள்ள அஸ்மத்துன்னிசா வந்தாள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஐம்பது தாண்டியவள், கட்டை குட்டையான உடம்பு, அகலமான கை. ராஜகோபாலனுக்குக் கைகால் நீவிவிடுவாள். ஒருமுறை அவர் கெண்டைக்காலில் நீலம் பாய்ந்ததைக் கேமராவில் பார்த்துவிட்டு, "அந்த லேடி ரொம்ப முரட்டுத்தனமா பண்றா" என்று சுஹாஸ் சொன்னான். ஆவணியில் அவர் போனதும் முதலில் நின்றது அஸ்மத்தின் வருகைதான்.

மசாஜ் எத்தனை நாளைக்கு ஒருதரம் செய்துகொள்ளலாம் என்று சுஹாஸ் விசாரிக்காத இடமில்லை. எலும்பு டாக்டர் வாரம் மூன்று என்றார். அவன் ஆபீஸ் நண்பனின் தங்கை, அவளும் டாக்டர், மாதம் ஒன்றே அதிகம் என்றாள். இணையத்தில் ஆளுக்கொரு கணக்கு. கடைசியில் அவன் வீட்டுப் புரோகிதரான வாத்தியாரைக் கேட்டான். இங்கே இருந்தவரை பூணூல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவனுக்கு, கடல் தாண்டியதும் ஆசாரம் ஏறிப்போயிருந்தது. மாம்பலத்திலிருந்து வாட்ஸாப்பில் மாதாமாதம் மாசிகம் நடத்திவைக்கும் சாஸ்திரிகள் குரல்பதிவு அனுப்பினார்: வருஷம் முடிகிறவரை எண்ணெய் ஸ்நானம் பிள்ளைக்கும் கூடாது, அம்மாவுக்கும் கூடாது. தோள்வலி விஷயத்தை அவரிடம் சொன்னானா என்று விசாலாக்ஷி கேட்கவில்லை. கேட்டால், சொல்லவில்லை என்று தெரிந்துவிடும்.

எல்லாரையும் திருப்திப்படுத்துகிற தீர்ப்பு ஒன்றை அவன் கண்டுபிடித்தான். எண்ணெய் இல்லாமல், பொடி மசாஜ், மாதம் இரண்டு தடவை, அடையாறில். கூடவே அமெரிக்காவிலிருந்து மஞ்சள் மாத்திரை டப்பா ஒன்று கூரியரில் வந்தது.

அடையாறில் அது ஒரு பங்களாவின் மாடி. கீழே செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு துணிச்செருப்பு கொடுத்தார்கள். கணினிக்குப் பின்னால் இருந்த அனன்யா என்ற பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்:

"மேம், உங்க ஏஜுக்கு மாசம் நாலு செஷன்தான் ஐடியல்."

"என் ஏஜுக்கு ஐடியல்னு இதுவரைக்கும் யாரும் எதையும் சொன்னதில்லேம்மா."

அனன்யாவுக்கு அது புரியவில்லை; இன்னும் கொஞ்சம் சிரித்தாள். உள்ளே அரையிருட்டு, எங்கோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சங்கீதம். பதிவு செய்யும்போதே 'மிக மென்மையாக' என்பதைச் சுஹாஸ் தேர்ந்தெடுத்திருந்தான். மசாஜ் செய்த பெண் பாவம், சொன்னபடி செய்தாள். நெற்றிக்கு விபூதி பூசுகிற மாதிரி தோளுக்குப் பொடி பூசினாள். விசாலாக்ஷி நன்றாகத் தூங்கினாள். விழித்தபோது வலியும் கூடவே விழித்துக்கொண்டது. அன்று ராத்திரி ரவிக்கை கொக்கியை அவிழ்க்க முடியாமல் அப்படியே படுத்தாள்.

மறுநாள் காலை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அஸ்மத்துக்குப் போன் செய்தாள்.

"இன்னா மாமி, உசுரோட கீறீங்களா?"

"இருக்கேன். பாதி."

"எந்தப் பாதி?"

"இடது பாதி."

அஸ்மத் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, "வலது கை மேல போவலையா? நா அப்பவே சொன்னேன்ல, சாரை ஒத்த ஆளா தூக்காதீங்கன்னு. எப்ப வரட்டும்?" என்றாள்.

"வா. ஆனா பின்படியால வரணும்."

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சுழல் இரும்புப்படி உண்டு. ஒரு காலத்தில் கழிவறை கழுவ வருகிறவர்களுக்காகக் கட்டியது. நேராகச் சமையலறைக் கதவில் வந்து முடியும். கேமரா கண்ணுக்கு அது எட்டாது.

"இத்தினி நாளு முன்வாசல்ல வந்தவ. இப்ப இன்னா மாமி, திருடி மாதிரி?"

"சுஹாஸ் பார்ப்பான். வருஷம் முடியலே, எண்ணெய் கூடாதுன்னு சாஸ்திரிகள் சொல்லியிருக்கார்."

"ஐயருக்குத் தோள் வலிச்சா தெரியும்."

"வாயை மூடு. அவன் போன் பண்ணிக் கேட்டாலும் நீ வரவே இல்லேன்னு சொல்லணும். சத்தியம் பண்ணு."

"அல்லா மேல சத்தியம். மாமி மூஞ்சியப் பாத்து எத்தினியோ மாசம் ஆச்சுன்னு சொல்றேன். போதுமா?"

"எத்தனை நாளைக்கு ஒருதரம் வருவே?"

"தெனம் வேணா வரேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது." மறுபடி சிரிப்பு. "வேணாம், தாங்க மாட்டீங்க. செவ்வா, வெள்ளி வெச்சுக்கலாம். நடுவுல ஆறட்டும். எண்ணெய நானே எடுத்துக்கினு வரவா? எங்க சந்துலயே செக்கு கீது."

"வேண்டாம். எண்ணெய் எங்காத்துலேர்ந்தே இருக்கட்டும்."

ஏன் என்று அஸ்மத் கேட்கவில்லை. விசாலாக்ஷியும் சொல்லவில்லை. அந்தக் கைகள் அவளுடைய வெற்று முதுகில் படலாம். அந்த வீட்டு எண்ணெய் படக்கூடாது. இது எந்த ஊர் நியாயம் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

மாடவீதி மளிகைக் கடையில் எண்ணெய் சொல்ல முடியாது. யார் வீட்டில் எப்போது துக்கம் என்பது அந்தக் கடைக்காரருக்கு அரிசி விலையைவிட நன்றாகத் தெரியும். 'மாமி, நல்லெண்ணெய் இவ்வளவா?' என்று ஒரு கேள்வி வந்தால் போதும், குளத்தின் நாலு கரைக்கும் போய்விடும். ஆகவே போனில் ஆர்டர் செய்தாள். அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்து, தன் பேரிலேயே கணக்கும் ஆரம்பித்து வைத்தவன் சுஹாஸ்தான்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் சமையலறைத் தரையில் பாய் விரிந்தது. அஸ்மத் எண்ணெயில் நாலு மிளகைப் போட்டுக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் தோளில் ஊற்றினாள். முதல் நாள் அந்தக் கை தோளில் உட்கார்ந்ததும் விசாலாக்ஷிக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. பதின்மூன்று நாள் காரியத்தில் வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் தொடவில்லை. காய்கறிக்காரன் மீதிச் சில்லறை கொடுக்கும்போது விரல் பட்டதுதான்.

பிறகு வலியாலும் அழுதாள்.

"கத்தாதீங்க மாமி, கேமராக்குக் காது கீது."

வாயில் துண்டைக் கடித்துக்கொண்டாள். அஸ்மத் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். சுவரில் பதித்த டைல் ஓட்டின் வரிசை ஒவ்வொன்றாக விரலால் ஏறச் சொன்னாள். நடுநடுவே மருமகள் ஜுவேரியாவைத் திட்டினாள், அண்ணாசாலை மெட்ரோ வேலையைத் திட்டினாள், இரும்புப்படியைத் திட்டினாள். மிஞ்சிய எண்ணெயை, "காச்சினத வெச்சா சிக்கு நாத்தம் அடிக்கும்" என்று ஒரு பழைய பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டாள். பேத்தி சிம்ராவின் தலைக்கு ஆகுமாம். மிச்சம் வரட்டும் என்றே கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சுகிறாளோ என்று விசாலாக்ஷிக்குச் சந்தேகம் உண்டு. கேட்கவில்லை. மஞ்சள் மாத்திரை டப்பாவையும் அவளிடமே கொடுத்துவிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்றாளே.

தையில் கை காதைத் தொட்டது. பங்குனி பிறந்த சில நாளில், அஸ்மத் போனதும், விசாலாக்ஷி பின்கதவின் மேல் தாழ்ப்பாளைத் தானே எட்டிப் போட்டாள். போட்டுவிட்டு எடுத்தாள். மறுபடி போட்டாள். பெருங்குடி அன்றைக்குக் கொஞ்சம் தூரமாகப் போயிற்று.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது எண்ணெய்தான்.

ஆர்டர் கணக்கு சுஹாஸ் பேரில், அவனுடைய பழைய இந்திய நம்பரில் இருந்தது. டெலிவரி பையன்களுக்கு வீடு தெரியாவிட்டால் அந்த நம்பருக்குத்தான் அடிப்பார்கள். சித்திரக்குளத்துச் சந்து எது என்று கேட்டு சியாட்டிலில் தூங்குகிறவனை எழுப்புவார்கள். 'சார், எண்ணெய் வந்துக்கீது, கேட்டாண்ட நிக்கிறேன்.' நாலைந்து தரம் எழுந்த பிறகு சுஹாஸ் அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, நல்லெண்ணெய் போன வாரம்தானே வந்தது?"

"தீர்ந்து போச்சுடா."

"ஒத்தருக்கு எப்படித் தீரும்? என்ன பண்றே?"

"அப்பளம், வடாம் பொரிக்கறேன்."

"நல்லெண்ணெய்லயா?"

விசாலாக்ஷி தடுமாறினாள். "விளக்குக்கும்தான்."

"விளக்குக்குத் தனியா தீப எண்ணெய் வாங்கிப் போட்டிருக்கேனே."

"கொட்டிடுத்து."

இத்தனை வருஷம் லைனில் வார்த்தை தடுக்காதவள், ஒரே மூச்சில் மூன்று காரணம் சொன்னாள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பிறகு சுஹாஸ், குழந்தையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

அவள் சிரித்தாள். எண்ணெய் விஷயம் தப்பியது என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது மருமகள் மதுவந்தி, தேனாகக் குரலை இறக்கி, "தி. நகர்ல ஒரு டாக்டர், சும்மா ஒரு செக்கப்" என்றபோதுதான் உறைத்தது. வாங்கியதையே மறந்து மறந்து வாங்குகிறாள், ஏன் என்றால் காரணம் சொல்லத் தெரியவில்லை. சியாட்டிலில் அவளைப் பற்றி அப்படி முடிவுகட்டியாகிவிட்டது.

தி. நகர் டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தாள். பிரதமர் யார் என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். வயதுக்கு நன்றாகவே இருக்கிறது, இருந்தாலும் கவனித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். சுஹாஸுக்குக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் விசாலாக்ஷி தானாகவே கேமராவுக்கு முன் போய் நின்றாள்.

"சுஹாஸ், இதைப் பாரு."

வலது கை நேராக மேலே போனது. காதை ஒட்டி, விரல்கள் விரிந்து.

"சூப்பர்மா. மாத்திரை வேலை செய்யறது."

"மாத்திரை இல்லேடா. அஸ்மத். செவ்வாயும் வெள்ளியும் வந்து எண்ணெய் தேய்ச்சு நீவிவிடறா. அதுக்குத்தான் அத்தனை எண்ணெய். வருஷம் ஆகலேன்னு உங்கிட்டே மறைச்சேன். தப்புதான். ஆனா எனக்கு மறதியெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"அஸ்மத்தா? நான் ஒருநாள்கூட அவளைக் கேமரால பார்க்கலையே."

"பின்படியால வருவா."

"சரிம்மா" என்றான். குரல் இன்னும் மெதுவாகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். "அஸ்மத்தோட பேசினேன்மா. அப்பா போனதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலைன்னா. உன் மூஞ்சியைப் பார்த்து எத்தனையோ மாசம் ஆச்சாம்."

விசாலாக்ஷி ஹாலில் அப்படியே உட்கார்ந்தாள். அன்று சத்தியம் பண்ணிய வார்த்தை. அட்சரம் பிசகவில்லை.

அஸ்மத்துக்குப் போட்டாள். "ஏண்டி இப்படிச் சொன்னே?"

"நீங்கதானே மாமி சத்தியம் வாங்குனீங்க. அவரு எப்ப கேட்டாலும்னு."

"இப்போ கூப்பிட்டு உண்மையைச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அஸ்மத் கூப்பிட்டாள். நான் வரேன் சார், வாரம் ரெண்டு தபா வரேன் சார் என்றாள். சுஹாஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "இப்படிச் சொல்லச் சொல்லி அம்மா சொன்னாளா?"

"ஆமா சார், மாமிதான் சொல்லச் சொன்னாங்க."

"பரவாயில்லை. தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டான்.

அதற்கு மேல் விசாலாக்ஷி எது சொன்னாலும் அது மறதி நோயின் அடையாளமாயிற்று. கோபப்பட்டால் அது ஒன்று, பேசாமல் இருந்தால் அது ஒன்று. ஆர்டர் செய்யும் வசதியை அவள் போனிலிருந்து எடுத்துவிட்டான். எண்ணெய் இல்லாமல் இரண்டு செவ்வாய் போயின. மூன்றாவது வாரம் பின்படிக்குக் கீழே கட்டடச் செயலாளர் பூட்டுப் போட்டார். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

ஆவணியில் சுஹாஸ் வந்தான். வருஷாப்தீகம் குறைவில்லாமல் நடந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. உண்மையிலேயே தூங்காதவன் முகம். சாஸ்திரிகள் நேரில் வந்து, சாப்பிட்டு, புறப்படும்போது சொன்னார்:

"நாளையிலேர்ந்து மாமி தாராளமா எண்ணெய் தேய்ச்சுக்கலாம்."

அந்த நாளையில் பெட்டிகள் ஹாலில் அடுக்கியிருந்தன. பெருங்குடி வண்டி பதினோரு மணிக்கு. காலையில் வாசல்மணி அடித்தது. கதவைத் திறந்த சுஹாஸுக்கு முன்னால் அஸ்மத், புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு, கையில் ஒரு பாட்டிலோடு நின்றாள்.

"முன்வாசல்ல வந்துட்டேன் சார். கேமரால நல்லா பாத்துக்குங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மாதம் கை எந்த ஓட்டு வரிசைக்கு ஏறியது, துண்டைக் கடித்தது, சத்தியம் வாங்கியது. முடித்துவிட்டுப் பையிலிருந்து மஞ்சள் மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது எனக்கு ஒத்துக்கல சார். வயிறு எரியுது."

சுஹாஸ் டப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ இளகியது. விசாலாக்ஷி அதைப் பார்த்தாள்.

"அப்போ அம்மாவுக்கு... ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லேடா" என்றாள்.

அவன் பெட்டிகளைப் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லதாப் போச்சு. ஆனா அம்மா, அங்க எல்லாம் பேசி முடிச்சாச்சு. இந்த வீட்டுக்கும் வேற ஆள் குடி வரா. இன்னிக்கு இல்லேன்னா ரெண்டு வருஷம் கழிச்சு. என்னைக்கோ ஒருநாள் போக வேண்டியதுதானே? அங்க மசாஜ்கூட உண்டும்மா. வாரம் ஒண்ணு, பேக்கேஜ்லயே வரது. எனக்குக் கொஞ்சம் தூக்கம் வேணும்மா."

"தூக்கம் வராதது உனக்கு. இடம் மாத்தறது எனக்கு" என்றாள் விசாலாக்ஷி. "நல்ல வைத்தியம்."

அஸ்மத் பாட்டிலை நீட்டினாள். "எங்கூட்டு எண்ணெய் மாமி. மிளகு போட்டுக் காச்சினது. வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

"குடு" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அங்க வெளி எண்ணெய் அலவ் பண்ண மாட்டாம்மா" என்றான் சுஹாஸ், போனைப் பார்த்தபடி. "அவாளே குடுத்துடுவா. ஹைஜீன் ரூல்."

விசாலாக்ஷி சிரித்தாள். அஸ்மத்துக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள்.

சமையலறை காலியாக இருந்தது. ஓட்டு வரிசைகளில் எண்ணெய் விரல் தடங்கள் மட்டும் மேலே மேலே ஏறியிருந்தன. விசாலாக்ஷி வலது கையைத் தூக்கினாள். வலியே இல்லை. பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில், காப்பிப்பொடி டப்பா இருந்த இடத்தில் வைத்தாள். பின்கதவுக்கு மேல் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"பார்த்தும்மா, அது உனக்கு எட்டாதே" என்றான் சுஹாஸ் ஹாலிலிருந்து.